ஆட்காட்டி கத்தாத இடம்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு எனக்கு வந்த கோபம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை போகவில்லை. இடையில் சாப்பிட்டேன், தூங்கினேன், கணக்குப் பரீட்சைகூட எழுதினேன். கோபம் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

என் பெயர் சுடர்விழி. ஆறாம் வகுப்பு படிக்கிறேன். பொன்னமராவதியிலிருந்து எங்கள் ஊருக்கு பஸ்ஸில் அரை மணி நேரம். ஊருக்கு மேற்கே பெரிய கண்மாய் இருக்கிறது. மார்கழியில் கரையைத் தொட்டுத் தண்ணீர் நிற்கும். பங்குனி வந்தால் நடுவில் மட்டும்தான் தண்ணீர். சுற்றிலும் சேறு காய்ந்து வெடித்துக் கிடக்கும். அந்தச் சமயத்தில்தான் பறவைகள் கூட்டமாக வரும்.

சித்திரையில் கண்மாயில் மீன்பிடித் திருவிழா நடக்கும். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஆயிரம் பேர் வலையோடும் கூடையோடும் வந்து கரையில் நிற்பார்கள். எங்கள் ஊர்த் தலைவரான அம்பலம் முத்துராமன் பெரியப்பா கலுங்கின் மேல் ஏறுவார். கலுங்கு என்றால், கண்மாய் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கல் சுவர். அதன்மேல் நின்று அவர் வெள்ளைத் துண்டை வீசுவார். அவர் வீசுகிறவரை ஒருவர்கூட உள்ளே காலை வைக்க மாட்டார். மீன் துள்ளி கரையில் விழுந்தாலும் பார்த்துக்கொண்டுதான் நிற்பார்கள்.

சரி, என் கோபத்துக்கு வருகிறேன்.

எங்கள் வனிதா டீச்சர் மாவட்டக் கண்காட்சிக்கு ஒரு வரைபடம் கேட்டார். "வெளியூர்லேர்ந்து ஒருத்தர் நம்ம ஊருக்குப் பறவை பாக்க வாராருன்னு வச்சுக்கங்க. எங்க போகணும், எத்தன மணிக்குப் போகணும், கையில என்ன கொண்டுபோகணும், எல்லாம் அதுல இருக்கணும்" என்றார்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பைனாகுலர் இருக்கிறது. அதில் ஒரு கண்ணில் பனி மூட்டம். ஒரு பறவைப் புத்தகமும் இருக்கிறது. வாத்துகள் இருந்த பக்கங்களை யாரோ கிழித்துவிட்டார்கள். அதனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் வாத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு மூன்று வாரம் கரையில் நடந்து நான் அந்தப் படத்தை வரைந்தேன்.

நத்தைகுத்தி நாரை எந்தக் கருவேல மரத்தில் உட்காரும், அரிவாள்மூக்கன் எங்கே மேயும், மீன்கொத்தி எந்தக் கம்பத்தில் இருக்கும், எல்லாம் போட்டேன். உடைந்த மடைக்குப் பக்கத்தில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டேன். ஆட்காட்டிக் குருவி அங்கே நான்கு முட்டை இட்டிருந்தது. அது மரத்தில் கூடு கட்டாது. வெறும் தரையில், நாலு கூழாங்கல் நடுவே இடும். முட்டையும் மண் நிறம்தான். எத்தனையோ பேர் அந்த வழியாக மாடு ஓட்டிப் போகிறார்கள். என் ஒருத்தியின் கண்ணுக்குத்தான் அது பட்டது.

டீச்சர் 'மிக நன்று' போட்டுப் படத்தை வகுப்புச் சுவரில் ஒட்டினார். இரண்டு நாள் நான் தரையில் கால் படாமல் நடந்தேன்.

மூன்றாம் நாள் ஞாயிறு. டீக்கடைப் பக்கம் போனபோதே ஆட்காட்டியின் கத்தல் கேட்டது. ஆள் கிட்டே வந்தால்தான் அது அப்படிக் கத்தும். கரைக்கு ஓடினேன்.

கரைமேல் இரண்டு கார்கள் நின்றன. உள்ளே உடைந்த மடைக்குப் பக்கத்தில் ஐந்து பேர் வட்டமாக நின்றார்கள். எல்லார் கையிலும் முழங்கை நீளத்துக்குக் கேமரா. ஒருவர் கையில் இருந்த செல்போனில் ஒரு படம் தெரிந்தது. என் படம். ஓரத்தில் நான் சிந்திய டீக்கறைகூட அப்படியே இருந்தது.

தாய்ப் பறவை தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அது முட்டைமேல் உட்காராவிட்டால் வெயிலிலேயே முட்டை வெந்துவிடும்.

"தள்ளி வாங்க. முட்டைய மிதிச்சிராதீங்க" என்றேன்.

நீல ஷூ போட்ட ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பயப்படாத பாப்பா. எங்களுக்குப் பறவைன்னா உயிரு" என்றார். பிறகு, முட்டைக்கு முதுகைக் காட்டி நின்றபடியே, தலைக்கு மேலே சுற்றும் பறவை படத்தில் அடங்க வேண்டும் என்று ஓர் அடி பின்னால் வைத்தார்.

சின்னச் சத்தம்தான். அப்பளம் நொறுங்கினால்கூட அதைவிடப் பெரிதாகக் கேட்கும்.

"அடடா, மண்ணு கலர்ல இருக்கா, தெரியவே இல்ல" என்று அவர் ஷூவைப் புல்லில் தேய்த்தார். தேய்த்துவிட்டு இன்னும் நாலு படம் எடுத்தார்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய்த் தட்டைக் கழுவும்போது அம்மா எட்டிப் பார்த்தார். "தட்டுல அழுக்கத் தேயி. தட்டையே தேச்சிராத" என்றார்.

திங்கள்கிழமை வகுப்புக்குள் நுழைந்ததும் எனக்குப் பின்னால் உட்காரும் விக்ரம் தலையைக் குனிந்துகொண்டான். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"படத்த யாருடா வெளிய குடுத்தது?"

"எங்கண்ணன் செல்லக் கொண்டுவந்தேன்ல, அன்னிக்கி ஒரு போட்டோ எடுத்தேன். அண்ணன் அத அவங்க கேமரா குரூப்புல போட்டுட்டான்." அவன் குரல் இறங்கியது. "ஒம் படம் நல்லாருக்குன்னுதான் எடுத்தேன்."

அவன் அண்ணன் சரவணக்குமார் பொன்னமராவதியில் போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறார். அவர் குழுவில் மாவட்டம் முழுக்க ஆள் இருக்கிறார்கள்.

நான் சுவருக்குப் போனேன். 'மிக நன்று' போட்ட என் படத்தைப் பிய்த்து நாலாகக் கிழித்தேன்.

"சொவத்துல இருந்தத கிழிச்சுட்ட. செல்லுல இருக்கிறத எப்படிக் கிழிப்ப?" என்றான் விக்ரம். கையில் இருந்த துண்டுகளைக் கீழே எறிந்தேன். அவன் விடவில்லை. "செவப்புல பெருக்கல் போட்டது யாரு, நானா?"

அவனை அடிக்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் டீச்சர் வந்துவிட்டார். தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"கிழிச்சதுக்குக் காரணம் அப்புறம் கேட்டுக்கறேன். வெள்ளிக்கெழம கண்காட்சிக்கு அனுப்பணும். வேற வரஞ்சு குடு" என்றார்.

செவ்வாய்க்கிழமை விக்ரம் தானாக வந்தான். "சுடரு, வர்ற ஞாயித்துக்கெழம ஒரு வேன் வருதாம். இருவது பேரு. அண்ணன் சொன்னான்."

ஐந்து பேருக்கு ஒரு முட்டை போயிற்று. இருபது பேருக்கு எத்தனை போகும் என்று கணக்குப் போட எனக்கு நோட்டுத் தேவைப்படவில்லை. மிச்சம் இருந்தது மூன்றுதான்.

அன்று ராத்திரி எனக்கு ஓர் அருமையான யோசனை வந்தது. பொய்ப் படம் வரைவது. சிவப்புப் பெருக்கலைக் கருவேலங்காட்டு நடுவில் போடலாம். அங்கே முள் ஒவ்வொன்றும் விரல் நீளம் இருக்கும். இல்லாவிட்டால் எருமைகள் புரளும் சேற்றில் போடலாம். அங்கே முழங்கால்வரை இறங்கும், ஷூ திரும்பி வராது. நீல ஷூ அந்தச் சேற்றில் மாட்டிக்கொள்வதை நினைத்துக்கொண்டே நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் விடிந்ததும் நோட்டையும் பைனாகுலரையும் எடுத்துக்கொண்டு கலுங்கின் மேல் ஏறி உட்கார்ந்தேன். முள்ளா, சேறா, எதில் மாட்டிவிடலாம் என்று தேடினேன். நல்ல முள்ளாக நான்கு இடங்கள் கிடைத்தன. குறித்துக்கொண்டேன்.

அரை மணி நேரம் ஆன பிறகுதான் ஒன்று உறைத்தது. ஆட்காட்டி இதுவரை ஒரு தடவைகூடக் கத்தவில்லை.

பைனாகுலரை எடுத்து, நன்றாக இருக்கும் கண்ணை மட்டும் வைத்துப் பார்த்தேன். ஆட்காட்டி முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. கண்ணுக்கு முன்னால் இருக்கும் அந்தச் சிவப்புத் தோல்கூடத் தெரிந்தது. சூரியன் எனக்கு முதுகுப் பக்கம் இருந்ததால் கண் கூசவில்லை. நாரையும் தெரிந்தது, அரிவாள்மூக்கனும் தெரிந்தது. எதுவும் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

டீச்சர் என்ன கேட்டார்? பறவை பார்க்க வருகிறவர் எங்கே போக வேண்டும் என்று கேட்டார். நான் பறவை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று வரைந்து கொடுத்தேன். ஆள் எங்கே நிற்க வேண்டும் என்று வரையவே இல்லை. நேராக முட்டைமேல் ஏறி நில்லுங்கள் என்று நானே சிவப்பில் எழுதிக் கொடுத்த மாதிரிதான்.

இது புரிந்ததும் கோபம் குறைந்திருக்க வேண்டும். கூடிவிட்டது. இப்போது நான் கோபப்பட்டவர்களின் பட்டியலில் நானும் இருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் விக்ரமிடம் போனேன். "நாளைக்கி காலைல ஆறு மணிக்கு கலுங்குக்கு வா. நான் ஒங்கூடப் பேச மாட்டேன். வேலை மட்டும்தான்."

"சரி" என்றான். "சொல்லாம எப்படி வேலை செய்யிறது?"

"அதுக்கு மட்டும் பேசுவேன்."

வியாழக்கிழமை காலை வந்தான். நான் கலுங்கின் மேல் உட்கார்ந்து ஆட்காட்டியைப் பார்த்தேன். அவன் கரையிலிருந்து மெதுவாக உள்ளே நடந்தான். ஆட்காட்டி கழுத்தை நீட்டி எழுந்ததும் நான் கையைத் தூக்கினேன். அவன் நின்று, இருபது அடி பின்னால் போய், அங்கே ஒரு கல்லை வைத்தான். பிறகு வேறொரு பக்கத்திலிருந்து நடந்தான். மறுபடி கை, மறுபடி கல்.

"இந்தப் பக்கம் ரொம்பத் தள்ளி நிக்கச் சொல்லுது" என்று கத்தினான்.

"அது சொல்ற எடத்துலதான் வைக்கணும். ஒன் இஷ்டத்துக்கு இல்ல."

பதினோரு கற்கள் ஆயின. அவன் வீட்டில் பொங்கலுக்கு வெள்ளையடித்த சுண்ணாம்பு மிச்சம் இருந்தது. எல்லாக் கல்லுக்கும் அடித்தோம். என் பாவாடைக்கும் கொஞ்சம் அடிபட்டது.

அன்று இரவே புதிய படம் வரைந்தேன். அதில் ஒரு பறவைகூட இல்லை. நிற்க வேண்டிய இடங்களில் எல்லாம் இரண்டு பாதம் மட்டும் வரைந்தேன். பக்கத்தில் எழுதினேன்: 'காலை ஆறு முதல் பத்து வரை. முதுகில் வெயில். தொப்பி, தண்ணீர், பைனாகுலர் கொண்டு வரவும். வெள்ளைக் கல்லைத் தாண்டக் கூடாது. ஆட்காட்டி கத்தினால் நீங்கள் நிற்பது தப்பான இடம்.'

வெள்ளிக்கிழமை டீச்சர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "பறவைங்க எங்க சுடர்விழி?"

"கம்மாய்ல இருக்கு டீச்சர். பாதத்துல நின்னு பாத்தாத் தெரியும்."

டீச்சர் உள்ளே போய் நல்ல சட்டமாகப் பார்த்து எடுத்துவந்து படத்தை அதில் போட்டார்.

விக்ரம் போட்டோ எடுத்துக் கொடுக்க, சரவணக்குமார் அண்ணன் புதிய படத்தையும் குழுவில் போட்டார். சனிக்கிழமை சாயங்காலம் விக்ரம் செல்போனோடு வந்தான். முகம் வாடியிருந்தது. "ஒரு ஆளு எழுதிருக்காரு, பாரு."

'பழைய மேப்தான் நல்லா இருக்கு. அதுலதான் முட்டை இருக்கிற இடம் இருக்கு' என்று இருந்தது. கீழே ஆறு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. கொடியில் அப்பாவின் வெள்ளைத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

"இத எதுக்கு எடுக்குற?" என்றான் விக்ரம்.

"நாளைக்கிப் பாரு."

ஞாயிறு காலை ஆறரைக்கு வேன் வந்தது. கரையிலிருந்து உள்ளே இறங்க ஒரே ஒரு சரிவுதான் உண்டு. அதன் நடுவில் நான் நின்றேன். விக்ரம் எனக்குப் பக்கத்தில் நின்றான். அவன் என் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

தொப்பி போட்ட உயரமான ஒருவர் முதலில் இறங்கினார். "நான் பெலிக்ஸ். புதுக்கோட்டையிலேர்ந்து வர்றோம். கொஞ்சம் வழி விடும்மா" என்றார். அவர் கையில் பழைய படம் பெரிய தாளில் அச்சடித்து இருந்தது.

"விட முடியாதுங்க. இன்னும் துண்டு வீசல."

"என்ன துண்டு?"

வேன் டிரைவர் சரிவில் ஒரு காலை வைத்திருந்தார். என் தோளில் இருந்த வெள்ளைத் துண்டைப் பார்த்ததும் காலைச் சட்டென்று பின்னால் எடுத்தார். "சார், துண்டு வீசாம கம்மாய்க்குள்ள எறங்கக் கூடாது. எங்கூர்லயும் அப்படித்தான். எறங்கினா ஊரே சண்டைக்கி வரும்."

"அது மீன் பிடிக்கிறப்பதானேம்மா?" என்றார் பெலிக்ஸ்.

"மீனுக்கு ஒரு ஞாயம், முட்டைக்கு ஒரு ஞாயமாங்க?" என் குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "ஊருக்குச் சொந்தமான மீனையே வெளியூருக்காரங்க காத்திருந்துதான் பிடிக்கிறாங்க. இந்த முட்டை அந்தக் குருவிக்குச் சொந்தம். போன ஞாயித்துக்கெழம நாலு இருந்துச்சு. ஒங்க ஆளு ஒருத்தரு மிதிச்சுட்டாரு. இப்ப மூணுதான் இருக்கு."

கூட்டத்தின் பின்னாலிருந்து நீல ஷூ மெதுவாக வேனுக்குப் பின்னால் நகர்ந்தது.

அந்த நேரம் பார்த்து முத்துராமன் பெரியப்பாவின் டிவிஎஸ் வண்டி கரைமேல் வந்து நின்றது. துண்டு வீசுகிற உரிமை அவருடையது. இருபது பேர் முன்னால் என்னை ஒரு சத்தம் போட்டால் முடிந்தது.

அவர் வேனைப் பார்த்தார். என் தோளைப் பார்த்தார். "யாரு துண்டு வீசப் போறது?"

"நான்தான் பெரியப்பா."

"எப்ப வீசுவ?"

"குஞ்சு பொரிச்சு அந்த எடத்த விட்டுப் போனதும்."

பெரியப்பா வண்டியில் கட்டியிருந்த அரிவாளைத் தொட்டுக் காட்டினார். "ஆட்டுக்குத் தழ கொழ ஒடிக்க வந்தேன். துண்டு வீசலைன்னா நானும் உள்ள போகக் கூடாதுல்ல. சரி, அங்கிட்டு ரோட்டுப் பக்கம் ஒடிச்சுக்கிறேன்." வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு யார் இறங்குவார்கள்?

பெலிக்ஸ் தொப்பியைக் கழற்றினார். "அப்ப நாங்க எங்கம்மா நிக்கணும்?" என்று கேட்டார்.

"இப்படி வாங்க" என்று கலுங்குப் பக்கம் கூட்டிப்போனேன். விக்ரம் எல்லாரையும் வெள்ளைக் கற்களுக்கு வெளியே, கரைமேலேயே வரிசையாக நிறுத்தினான். "கல்லுக்கு இங்கிட்டு நில்லுங்க சார். தும்மல் வந்தா அங்கிட்டுப் போயித் தும்முங்க" என்றான். என் துண்டின் நுனியை அவன் எப்போதோ விட்டிருந்தான்.

ஒன்பதரைக்கு வெயில் ஏறியது. ஆட்காட்டி எழுந்தது. நேராகத் தண்ணீருக்கு நடந்தது. வயிற்றை நனைத்துக்கொண்டது. சொட்டச் சொட்டத் திரும்பி வந்து முட்டைமேல் உட்கார்ந்து குளிர வைத்தது. இருபது கேமராவும் கிளிக் கிளிக் என்றன. பறவை ஒரு சத்தம் போடவில்லை.

"பதினஞ்சு வருசமா படம் எடுக்கறேன், இத நான் பார்த்ததே இல்ல" என்றார் பெலிக்ஸ். கிட்டே போய் நின்றால் எப்படிப் பார்ப்பார்? அது கத்துவதைத்தான் பார்த்திருப்பார்.

கிளம்பும்போது எல்லாரையும் செல்போனை எடுக்கச் சொன்னேன். பரீட்சை ஹாலில் டீச்சர் நடப்பதுபோல வரிசையில் நடந்து, பழைய படத்தை ஒவ்வொருவராக அழிப்பதை என் கண்ணால் பார்த்தேன். கடைசியில் நீல ஷூ நின்றது.

"ஸாரி பாப்பா" என்றார் அவர்.

"எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? முட்டை என்னோடதா?"

அவர் கண்மாய்ப் பக்கம் திரும்பித் தலையைக் குனிந்தார். பிறகு பழைய படத்தை அழித்தார். அப்போதுதான் என் கோபம் கொஞ்சம் இறங்கியது. கொஞ்சம்தான். எங்கள் புத்தகத்தில் வாத்துப் பக்கங்கள் இல்லை என்று விக்ரம் போட்டுக்கொடுத்துவிட்டான். பெலிக்ஸ் ஜெராக்ஸ் அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பினால் பார்ப்போம்.

பத்து நாள் கழித்து மூன்று முட்டையும் பொரிந்தன. குஞ்சுகள் அன்றைக்கே எழுந்து ஓடின. நான் அவசரப்படவில்லை. இன்னும் இரண்டு நாள் கலுங்கிலிருந்தே பார்த்தேன். அவை தண்ணீரின் அந்தக் கரைக்குப் போன பிறகுதான் எழுந்து நின்று, அப்பாவின் துண்டைத் தலைக்கு மேலே மூன்று சுற்றுச் சுற்றி வீசினேன்.

நானும் விக்ரமும் இறங்கினோம். உடைந்த மடைக்குப் பக்கத்தில் சின்னப் பள்ளமும் நாலு கூழாங்கல்லும் மட்டும் இருந்தன. குனிந்து பார்த்தோம்.

எங்கிருந்தோ ஆட்காட்டி வந்தது. எங்கள் தலையை உரசுகிற மாதிரி பாய்ந்து பாய்ந்து கத்தியது.

விக்ரம் தலையைக் கையால் மூடிக்கொண்டான். "அதான் குஞ்சு பொரிச்சு ஓடிப் போயிருச்சுல்ல. இன்னும் எதுக்குக் கத்துது?"

"ஒரு முட்டை போச்சுல்லடா. அதுக்கு இன்னும் கோவம் போகல" என்றேன்.

துண்டை இரண்டு பேர் தலையிலும் சேர்த்துப் போட்டுக்கொண்டு, வெள்ளைக் கல்லுக்கு அங்கிட்டுப் போய்ச் சேரும்வரை திரும்பிப் பார்க்காமல் ஓடினோம்.